சாவுச் சேதிக்கு எட்டு நிமிடம்

அன்று பகல் ஒரு மணிக்குள் சின்னப்பராஜின் மனைவி பதினேழு முறை இறந்திருந்தாள். பதினெட்டாவது சாவுக்காக அவர் மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

படிக்கிறவர்கள் பதற வேண்டாம். அவருடைய அசல் மனைவி பிலோமினா அந்த நேரத்தில் காமயகவுண்டன்பட்டியில் குத்துக்கல்லாட்டம் இருந்தாள். திராட்சைத் தோட்டத்து வேலிக்குள் தலையை விட்ட ஒரு வெள்ளாட்டுக்காக, பக்கத்து வீட்டு மூன்று தலைமுறையைத் திட்டிக்கொண்டிருந்தாள் என்று பிற்பாடு தெரிய வந்தது. செத்துக்கொண்டிருந்தவள் லட்சுமி. அப்படி ஒருத்தி உலகத்தில் கிடையாது. தேனிப் பக்கம் இருக்கிற ஒரு மருத்துவக் கல்லூரியில் பரீட்சைக்காகத் தாளில் அச்சடித்த பெண் அவள். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். எனக்கும் நாளைக்குக் காய்ச்சல் தலைவலி வரும், அங்கேதான் போயாக வேண்டும்.

டாக்டர் படிப்பு இப்போது முன்போல இல்லை. முன்பெல்லாம் பெரிய டாக்டர் முன்னால் நடக்க, இருபது பிள்ளைகள் பின்னால் போய், கட்டிலில் கிடக்கிற ஏழையின் வயிற்றை ஆளுக்கு ஒரு அமுக்கு அமுக்கித் தொழில் கற்றார்கள். வயிறு அவனுடையது, படிப்பு இவர்களுடையது. இப்போது ஏழைக்கும் வாய் வந்துவிட்டது. மூன்றாவது கை நீளும்போதே "போதும்யா" என்கிறான். நல்லதுதான். அதனால் ஊசி போட்டுப் பழக ரப்பர் கை, நெஞ்சை அமுக்கப் பொம்மை, பிரசவம் பார்க்க இடுப்பு மட்டும் உள்ள இன்னொரு பொம்மை என்று ஒரு மாடி முழுக்க வாங்கி நிரப்பிவிட்டார்கள். அந்த மாடிக்கு ஸ்கில் லேப் என்று பெயர். பொம்மைகள் மூச்சு விடும், இருமும், ஒன்று ரத்தம்கூடச் சிந்தும். ஆனால் எதிரே உட்கார்ந்து "எம் பொண்டாட்டி எப்படி இருக்கா டாக்டர்" என்று கேட்காது. பிள்ளைகளோ செல்போனில் நாலு விடை கொடுத்தால் தூக்கத்திலும் சரியானதைத் தொடுகிறவர்கள். ஒரு மனிதன் அழுதால் எதைத் தொடுவது என்று தெரியாமல் முழிப்பார்கள். ஆகவே பேசுவதற்கும் பாடம் வந்தது. பாடம் வந்தால் பரீட்சை வராமல் இருக்குமா? பரீட்சைக்கு அழத் தெரிந்த மனிதர்கள் தேவைப்பட்டார்கள்.

ஸ்கில் லேபை நடத்துகிற டாக்டர் சுபாஸ்ரீ சென்னைக்காரர். அழுகிற ஆளுக்கு எங்கே போவது என்று அவர் கன்னத்தில் கை வைத்தபோது, லேபில் மணி அடிக்கிற சீனிச்சாமிதான் வழி சொன்னார்.

"பாஸ்கா நாடகக்காரவுகளப் பிடிங்க மேடம். ஏசுநாதர் பாடுபட்டதை வருசா வருசம் மேடை போட்டு நடிக்கிறவுக. அழுகைக்கு அவுகள அடிச்சுக்க ஆளே கெடையாது."

அப்படி வந்து சேர்ந்தவர்தான் சின்னப்பராஜ். பதினெட்டு வருஷமாக அவர் யூதாஸ். ஏசுவாக நடிக்க அவருக்கும் ஆசைதான். ஆனால் முகவாய் கொஞ்சம் திருட்டு முகவாய், கடவுள் கொடுத்தது, யாரைக் குறை சொல்ல? ஊரில் கோழிக்கறி வாங்கப் போனால்கூட "என்ன யூதாசு, அரைக் கிலோவா?" என்பார்கள். மேடையில் அவர் நாண்டுகொண்டு சாகும் கட்டத்தில் பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டும். பதினெட்டு வருஷத்தில் அவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்ததில்லை.

இங்கேயோ, ஒரு நாளைக்கு முப்பது டாக்டர்ப் பிள்ளைகள் அவருக்கு முன்னால் உட்கார்ந்து, "உங்களுக்கு இப்படி ஆனதுக்கு ரொம்ப வருத்தப்படறேன் சார்" என்றார்கள். சார்! சின்னப்பராஜ் அந்த வேலையை உயிராக நினைத்தார் என்றால் அது கொடுக்கிற சம்பளத்துக்காக அல்ல.

தாளில் பிறந்த லட்சுமிக்காக அவருக்கு அழுகை வரவில்லை. அதனால் மனதுக்குள் பிலோமினாவின் முகத்தை வைத்துக்கொண்டார். இது அவளுக்குத் தெரிந்தால் விளக்குமாறு எடுப்பாள் என்று பயந்துகொண்டே ஒரு நாள் சொன்னார். அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். "நெசமாவா? முப்பது தடவையுமா?" என்று கேட்டாள். அன்று ராத்திரி சோற்றோடு இரண்டு முட்டை பொரித்து வைத்தாள்.

ஆனால் அந்த வேலை நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்தது. காரணம், சின்னப்பராஜுக்கு அடக்கி வாசிக்கத் தெரியாது. முதல் தடவை அவருக்குக் கொடுத்தது மாரடைப்பு. 'இடது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது என்று சொல்லவும்' என்று தாளில் இருந்தது. இவ்வளவுதானா மாரடைப்பு என்று அவருக்குக் கேவலமாக இருந்தது. மைக் கெட்டுப்போனாலும் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று பழகிய குரல். அலறி, நாற்காலியோடு சாய்ந்து, தரையில் உருண்டு, விட்டுப் போகிற மக்களுக்கு ராகம் போட்டுப் புத்தி சொல்ல ஆரம்பித்தார். பரீட்சை எழுத வந்த பையன் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டான். கீழ்த்தளத்து எமர்ஜென்சியிலிருந்து நிஜ ஸ்ட்ரெச்சர் வந்தது, நிஜ நர்ஸ் நிஜ ஊசியோடு வந்தார். ஊசியைப் பார்த்ததும் சின்னப்பராஜ் எழுந்து நின்று, நல்ல உடம்போடு கும்பிட்டார்.

இரண்டாவது தடவை அவர் சர்க்கரை நோயாளி. எதிரே இருந்த பையன் வியர்த்துப்போய், என்ன கேட்பது என்று தெரியாமல் தவித்தான். சின்னப்பராஜுக்கு மனசு கேட்கவில்லை. "தாகம் எடுக்குதானு கேளு தம்பி, ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கேன்னு கேளு" என்று கிசுகிசுத்துவிட்டார்.

டாக்டர் சுபாஸ்ரீ அவரை அறைக்குக் கூப்பிட்டார்.

"சின்னப்பராஜ் சார், இது எழுதி வெச்ச பரீட்சை. முப்பது பேருக்கும் ஒரே நோயாளி, ஒரே பேச்சு, ஒரே அழுகை. ஒருத்தருக்கு நீங்க ஒரு சொட்டு அதிகமா அழுதாலும் அது மத்தவங்களுக்கு அநியாயம். இன்னொரு தடவை தாளை மீறினீங்கன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சின்னப்பராஜ் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

இப்போதைய வேடம் கஷ்டமானது. ஆபரேஷனுக்குப் போன லட்சுமி இறந்துவிட்டாள். காலையிலிருந்து வெளியே காத்திருக்கிற கணவனிடம் அதைச் சொல்ல வேண்டும். சொல்ல எட்டு நிமிடம். அவர் "இப்ப எப்படி இருக்கா?" என்று ஒரே ஒரு தடவை கேட்கலாம். டாக்டர் சொன்ன பிறகுதான் அழலாம். மூலையில் வெளியூரிலிருந்து வந்த ஒரு எக்ஸாமினர் மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு பதினான்கு கேள்விகளுக்கு 'ஆம்', 'இல்லை' தொடுவார். வணக்கம் சொன்னாரா, உட்கார வைத்தாரா, டிஷ்யூ கொடுத்தாரா என்று போகும். ஒன்பதாவது கேள்விதான் தலையெழுத்து: 'இறந்துவிட்டார் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாரா?' அதற்கு 'இல்லை' விழுந்தால் மற்ற பதின்மூன்றும் 'ஆம்' என்றாலும் ஃபெயில்தான். "எங்களை விட்டுப் போயிட்டாங்கன்னு டாக்டர் சொன்னா, எந்த ஆஸ்பத்திரிக்குன்னு கேக்கறவங்க இருக்காங்க சார். அவங்களுக்காகத்தான் இந்தக் கேள்வி" என்று சுபாஸ்ரீ விளக்கியிருந்தார்.

பிள்ளைகள் தயாராகத்தான் வந்திருந்தார்கள். அதுதான் கோளாறு. ஒவ்வொருவரும் ஒரே மாதிரி நாற்காலியை இழுத்தார்கள், ஒரே மாதிரி தொண்டையைச் செருமினார்கள், ஒரே மாதிரி சொன்னார்கள், சொன்ன மறு விநாடி ஒரே இடத்தில் தோளைத் தொட்டார்கள். பன்னிரண்டாவது கேள்வி தோளைத் தொடுவது. மத்தியானத்துக்குள் சின்னப்பராஜின் இடது தோள் தேய்ந்து போயிருந்தது.

பதினோரு மணிக்கு டீ கொடுக்கும்போது சீனிச்சாமி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

"பதினெட்டாவதா ஒரு புள்ள வரும். உத்தமபாளையம், பேரு பாஜிலா. தங்கமான புள்ள. வார்டுல அது ஊசி போட்டா கைக்கொழந்தகூடச் சிணுங்காது. ஆனா இங்கன வந்தா வாய் கட்டிப்போகுது. நீங்க இந்த வேசத்துக்கு வாறதுக்கு முந்தி ரெண்டு தடவ ஃபெயிலாயிருச்சு. மொதத் தடவ எட்டு நிமிசமும் பேசுச்சு, அந்த வார்த்தைய மட்டும் சொல்லல. ரெண்டாந்தடவ 'ரொம்ப சீரியஸா இருக்காக, சொந்தக்காரவுகள வரச் சொல்லுங்க'ன்னுருச்சு."

"அது சரிதானய்யா. நம்ம பக்கம் அப்பிடித்தான சொல்லுவாக."

"நம்ம பக்கம் சரி, டேப்லெட்டுல தப்பு. இன்னைக்கும் போச்சுன்னா கடைசிப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட்டு கெடையாது. கூடப் படிச்சதெல்லாம் டாக்டராகிரும், இது மட்டும் இன்னும் ஆறு மாசத்துக்குப் பெஞ்சத் தேய்க்கணும். அவுக அத்தா, மக பேருக்கு டாக்டர் போர்டு இப்பவே எழுதச் சொல்லிட்டாராம்."

"நான் என்னய்யா செய்ய?"

"ஒன்னும் செஞ்சுறாதீக. அதச் சொல்லத்தான் வந்தேன்."

ஆக, பதினெட்டாவது சாவுக்காகச் சின்னப்பராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தபோது மனதில் ஒரே வைராக்கியம்: தாளில் உள்ளதைத் தவிர ஒரு இமைகூட அசையக் கூடாது. சீனிச்சாமி மணியை அடித்தார். கதவு திறந்தது.

சின்ன உருவம். முக்காட்டின் நுனியை வெள்ளைக் கோட்டுக்குள் செருகியிருந்தாள். எதிர் நாற்காலியில் உட்காராமல், அதைத் தூக்கி அவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"வணக்கம் மாமா. உங்க வீட்டம்மாவப் பாத்துக்கிட்ட டாக்டர் நாந்தான். பாஜிலா."

மற்ற பதினேழு பேருக்கும் அவர் சாராக இருந்தார். இவள் மாமா என்றதும் அவருக்குள் ஏதோ ஒரு திருகு கழன்றது.

"எப்ப வந்தீக மாமா?"

"வெடியக்காலம் வந்தேன் தாயி."

"ஏதாச்சும் சாப்டீகளா?"

தாளில் இதற்குப் பதில் இல்லை. ஆனால் மணி ஒன்றேகால். வயிறு பொய் சொல்லவில்லை. "இல்ல" என்றார்.

அவள் கோட்டுப் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்தாள். தன்னுடைய மத்தியானத்துக்கு வாங்கி வைத்ததாக இருக்கும். உறையைப் பிரித்து அவர் கையில் வைத்தாள். தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். "மொதல்ல இதத் தின்னுங்க மாமா. பெறகு பேசுவோம்" என்றாள்.

சின்னப்பராஜ் ஒரு வாய் கடித்தார். அவள் தின்னவில்லை. அவர் தின்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாய் கடித்தார். மூன்றாவது வாய் தொண்டைக்குள் இறங்கவில்லை. அவருடைய தோள்கள் குலுங்கின. சத்தம் பிறகுதான் வந்தது. பாஸ்கா மேடையில் ஒருநாளும் கேட்காத சத்தம் அது. ராகம் இல்லை, வார்த்தை இல்லை, பன் ஒரு பக்கம் விழ, மனிதர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார்.

பாஜிலா பதறிப்போய் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "மாமா... மாமா, உங்க வீட்டம்மா..." என்று ஆரம்பித்தாள். அழுகிற மனிதனிடம் அதற்கு மேல் என்ன சொல்ல? அவர்தான் தெரிந்துகொண்டு அழுகிறாரே! அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. மணி அடித்தது. அவள் எழுந்து, கதவு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மூலையில் எக்ஸாமினர் தலையைத் தூக்காமலேயே ஒன்பதாவது கேள்விக்கு 'இல்லை'யைத் தொட்டார்.

மிச்சம் பன்னிரண்டு சாவு இருந்தது. சின்னப்பராஜ் பன்னிரண்டு பேருக்கும் தாளில் உள்ளபடி அளந்து அழுதார். மனசு மட்டும் அந்த 'இல்லை'யிலேயே நின்றது. தப்பு அவருடையது. சேதி வருவதற்கு முன்னால் அழுது, சொல்ல விடாமல் செய்தவர் அவர். எக்ஸாமினர் கவனிக்கவில்லை. அந்தப் பெண் போய்ப் புகார் சொல்கிற ஜாதியாகத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனால் வேலை இருக்கும், 'சார்' இருக்கும், பொரித்த முட்டை இருக்கும். யூதாஸாவது வாயைத் திறந்துதான் காட்டிக்கொடுத்தான். இவர் மூடிக்கொண்டே காட்டிக்கொடுத்துவிடலாம். அந்த நினைப்பு வந்ததும் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பரீட்சை முடிந்ததும் நேரே சுபாஸ்ரீயின் அறைக்குப் போனார். பாஜிலா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே எக்ஸாமினர் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், பதினெட்டாவது புள்ள மேல தப்பில்ல. அது சொல்றதுக்கு முந்தி நான் அழுதுட்டேன். தாள மீறிட்டேன்."

சுபாஸ்ரீ பேனாவைக் கீழே வைத்தார். "மறுபடியுமா? ஏன் சார்?"

"சாப்டீகளான்னு கேட்டுச்சு மேடம்."

"அதுக்கா அழுதீங்க? தமிழ்நாட்டுல எல்லாரும் எல்லாரையும் கேக்கறதுதானே அது? நான்கூடக் காலையில உங்களைக் கேட்டேன்."

"நீங்க கேட்டீக. அது திங்க வச்சுச்சு. கேக்குறது வேற மேடம், திங்க வைக்கிறது வேற. எங்க பக்கம் சாவுச் சேதி சொன்னா அதுக்கப்பறம் அடுப்புப் பத்த வைக்க மாட்டாக, எடுக்கிற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாது. அதனால சேதி கொண்டு வாறவுக மொதல்ல வயித்த நெரப்பிருவாக. தான் திங்க மாட்டாக. நம்ம திங்கிறதையே பாத்துக்கிட்டு இருப்பாக. அப்பிடி ஒருத்தர் பாத்தா, விசயம் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்."

சுபாஸ்ரீ நம்பவில்லை. படித்தவர்களுக்கு எதையும் சோதித்துப் பார்க்க வேண்டும்; அது அவர்களுடைய வியாதி. மேசையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் இருந்தது. அந்த நேரம் பார்த்து சீனிச்சாமி சாவிக்கொத்தோடு உள்ளே வந்தார். சுபாஸ்ரீ அவரை உட்காரச் சொன்னார். இரண்டு பிஸ்கட்டை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"சாப்டீங்களா சீனிச்சாமி? முதல்ல இதைச் சாப்பிடுங்க. ஒரு விஷயம் பேசணும்."

சொல்லிவிட்டு அவர் வாயையே பார்த்தார். சீனிச்சாமி சிரித்துக்கொண்டே ஒன்றைக் கடித்தார். மேடம் சிரிக்கவில்லை. எக்ஸாமினரும் சின்னப்பராஜும்கூட அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீனிச்சாமியின் தாடை பாதியில் நின்றது.

"மேடம்... யாரு?" என்றார். "எங்க அக்காவா? போடியில இருந்து போன் வந்துச்சா? சொல்லுங்க மேடம், யாரு?"

அவரைச் சமாதானப்படுத்தவே ஐந்து நிமிடம் ஆனது. யாரும் சாகவில்லை என்று மூன்று பேரும் மாறி மாறிச் சத்தியம் செய்தார்கள். அப்படியும் நம்பாமல் அவர் வெளியே போய் அக்காளுக்குப் போன் போட்டு, அவள் திட்டுகிறதைக் காதால் கேட்ட பிறகுதான் மீதிப் பிஸ்கட்டைத் தின்றார்.

சுபாஸ்ரீ பிஸ்கட் பாக்கெட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "சரி. ஆனா உங்களுக்கு இது நடிப்புன்னு தெரியுமே சார். அவருக்குத் தெரியாது, பயந்தார். நீங்க ஏன்?" என்று கேட்டார்.

சின்னப்பராஜ் தரையைப் பார்த்தார்.

"எந்தம்பி பிரான்சிஸு கட்டப்பனையில ஏலக்காய் எஸ்டேட்டு ஜீப் ஓட்டுனான். ஒம்பது வருசத்துக்கு முந்தி, கொஞ்சம் முடியல, வந்துட்டுப் போங்கன்னு போன் வந்துச்சு. எம்மச்சினனும் கூட வந்தான். குமுளியில எறங்குனதும் பரோட்டா திங்கச் சொன்னான். வேணாம்னேன், விடல. மூணு பரோட்டா தின்னேன் மேடம். சால்னாவ ஊத்தி ருசிச்சுத் தின்னேன். அவன் திங்காம எம்மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தான். எனக்குத் தெரியாமயா இருந்துருக்கும்? தெரிஞ்சுக்க மனசில்ல. ஆஸ்பத்திரிக்குப் போனா அங்கனயும் யாரும் சொல்லல. 'சேட்டா, இவிடெ ஒரு ஒப்பு'ன்னு கையெழுத்துக்குத் தாள நீட்டுனாக. அதுல இங்கிலீசுல 'பாடி'ன்னு இருந்துச்சு. பாத்துக்கிட்டேன். அன்னைக்கு இருந்து இன்னைக்கு வரைக்கும் ஒந்தம்பி செத்துட்டான்டான்னு ஒரு ஆளு எங்கிட்ட வாயத் தெறந்து சொல்லல. எல்லாரும் சாப்டச் சொன்னாக, அம்புட்டுத்தான்."

பையைக் கட்டிக்கொண்டிருந்த எக்ஸாமினர் அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

நடிக்கிறவர் தாளை மீறினால் மாணவருக்கு மறுபடி ஒரு வாய்ப்பு உண்டு என்று விதியில் இருந்தது. மறு வாய்ப்புக்கு நடிக்க ஆள் வேண்டும். மற்ற நடிகர்கள் எல்லாரும் பஸ் ஏறிவிட்டார்கள். சுபாஸ்ரீ சின்னப்பராஜைப் பார்த்தார்.

"நீங்களே உட்காருங்க. சொல்ற வரைக்கும் அழக் கூடாது. முடிஞ்சதும்... நான் முன்னாடியே சொல்லியிருக்கேன் சார். நாளையிலேர்ந்து வேற ஆள்."

"தெரியும்மா. அந்தப் புள்ளையக் கூப்பிடுங்க."

பாஜிலாவிடம் விவரம் சொன்னார்கள். அரைகுறையாகத்தான் சொன்னார்கள்; தம்பி கதை சொல்லவில்லை. தின்பதற்கு எதுவும் கொண்டுபோகக் கூடாது என்று கோட்டுப் பையைச் சோதித்தார்கள். மணி அடித்தது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வணக்கம் சொன்னாள். ஆபரேஷன் எப்படி ஆரம்பித்தது என்று சொன்னாள். ரத்த அழுத்தம் இறங்கியதைச் சொன்னாள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியதைச் சொன்னாள். பெரிய டாக்டர்கள் ஓடி வந்ததைச் சொன்னாள். "எங்களால ஆனதெல்லாம் செஞ்சோம் மாமா" என்றாள். அப்புறம் அந்த வார்த்தைக்கு முன்னால் வந்து, வாய்க்காலைத் தாண்டப் பயந்த கன்றுக்குட்டி மாதிரி நின்றுவிட்டாள். நாலு நிமிடம் போனது. ஐந்தாவதும் போனது. கதவுக்கு வெளியே சீனிச்சாமி மணியை இறுக்கிப் பிடித்திருந்தார், தானே அடித்துக்கொள்ளுமோ என்று பயந்தவர் போல.

சின்னப்பராஜுக்குத் தாளில் அனுமதித்த ஒரே ஒரு வரி பாக்கி இருந்தது. அதைக் கேட்டார்.

"இப்ப எப்படி இருக்கா தாயி?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இந்த மனிதனை இன்னும் ஒரு நிமிடம் காக்க வைப்பது பாவம் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"மாமா, உங்க வீட்டம்மா இறந்துட்டாக."

மெதுவாகத்தான் சொன்னாள். கண்ணை எடுக்கவில்லை. தோளைத் தொடவும் இல்லை. பரீட்சை அறையில் அன்றைக்கு முதல் தடவையாக எக்ஸாமினர் டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

இனி அழ வேண்டும். தாளில் அப்படித்தான் இருந்தது. சின்னப்பராஜ் பிலோமினாவின் முகத்தைத் தேடினார், அது வரவில்லை. அழுகையும் வரவில்லை. இருபத்தொன்பது பேர் காலையிலிருந்து இதே வார்த்தையைச் சொல்லியிருந்தார்கள். ஒருவர் சொன்னதும் அவருக்குள் இறங்கியதில்லை. இது இறங்கியது. வாய் தானாகத் திறந்தது.

"வலிச்சுருக்குமா தாயி?"

தாளில் இல்லாத கேள்வி. பாஜிலா தயங்கவில்லை. "இல்ல மாமா. மயக்கத்துலதான் இருந்தாக. வலி தெரிஞ்சிருக்காது."

"தனியாவா கெடந்தான்?"

லட்சுமி எப்போது ஆணானாள் என்று எக்ஸாமினர் டேப்லெட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பாஜிலா எதையும் பார்க்கவில்லை. ஒரு கணம் அவர் முகத்தில் எதையோ படித்தாள். படித்ததைத் திருத்தவில்லை.

"எங்க கையிலதான் உசுரு போச்சு மாமா. தனியா விடல" என்றாள்.

மணி அடித்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. சீனிச்சாமி இன்னொரு தடவை அடித்தார். அப்போதுதான் பாஜிலா எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள்.

எக்ஸாமினர் ஒன்பதாவது கேள்விக்கு 'ஆம்' தொட்டார். பன்னிரண்டாவதில் விரலை வைத்துக் கொஞ்சம் யோசித்தார். தோளைத் தொடாததால் 'இல்லை' என்றே போட்டார். மனுஷன் நேர்மையானவர்தான். ஒரு மார்க் போனதால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. "பாஸ்" என்று சுபாஸ்ரீ வெளியே வந்து சொன்னதும் பாஜிலா அங்கேயே தரையில் உட்கார்ந்து, "அத்தா, ஹால் டிக்கெட்டு வந்துரும் அத்தா" என்று போனில் கத்தினாள். அந்த மாடியில் இருந்த பொம்மைகளுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

சுபாஸ்ரீ அறைக்குள் வந்தார். சின்னப்பராஜ் அதே நாற்காலியில் இருந்தார்.

"ரெண்டு கேள்வி தாள்ல இல்லாதது சார்."

"ஆமாம்மா. நாளையிலேர்ந்து வரல."

அவர் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். பிரான்சிஸ் செத்துவிட்டான். ஒன்பது வருஷமாகத் தெரிந்த விஷயம்தான். ஒருவர் வாயால் கேட்டது இன்றைக்குத்தான். அழுகை அப்போது வந்தது. பரீட்சை முடிந்துவிட்டது, டேப்லெட்டை அணைத்துவிட்டார்கள், பார்த்து மார்க் போட யாரும் இல்லை. சுபாஸ்ரீ எதிரே இருந்த நாற்காலியை எடுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

எட்டு நிமிடம் ஆயிற்று. சீனிச்சாமி வழக்கம்போல மணியைத் தூக்கினார். உள்ளே எட்டிப் பார்த்தார். மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அதை ஜன்னல் மேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.